செப்டம்பரில் தெற்கு பிரான்ஸ், ரோடு சைக்கிளில்: தினம் ஒரு ஊரா, ஒரே ஊரில் தங்குவதா?

மஞ்சக்குப்பம்_ரைடர்

வணக்கம். கடலூர்க்காரன். அக்கா மார்செய்யில் இருக்கிறாள் (மாமா புதுச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை). ரொம்ப நாளாகக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். இந்த செப்டம்பரில் விசா, லீவு, டிக்கெட் எல்லாம் கைகூடியிருக்கிறது. அவ்வளவு தூரம் போய் அக்கா வீட்டு சோபாவில் உட்கார்ந்து தமிழ் சீரியல் பார்ப்பதாக இல்லை. ஒரு வாரமாவது ப்ரோவான்ஸ் பக்கம் திராட்சைத் தோட்டம், ஆலிவ் தோப்பு, பழைய ஊர்கள் என்று சைக்கிள் மிதிக்க ஆசை.

யோசித்து வைத்திருக்கும் வழி: அவிஞ்ஞோனில் ஆரம்பித்து ஒரான்ஜ், வேசோன், ஸோ, ஆப்ட், மனோஸ்க், எக்ஸ், கடைசியில் மார்செய். தினம் ஒரு ஊர், தினம் ஒரு அறை. சாமான் எல்லாம் சீட்டுக்குப் பின்னால் ஒரே பையில்.

என்னைப் பற்றி: வயது 46. ஞாயிற்றுக்கிழமை சிதம்பரம் போய் வருவேன், எப்போதாவது 200 கி.மீ. பிஆர்எம் (குறித்த நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்). அலுமினிய ரோடு பைக், பல்சக்கரம் முன்னால் 50/34 பல், பின்னால் 11-28 பல். மலை என்றால் எனக்குக் கேப்பர் மலைதான். அதை மலை என்று சொன்னால் சேலத்துக்காரர்கள் சிரிப்பார்கள். சைவம், குடிப்பதும் இல்லை.

இந்த வழி சரிப்படுமா? சைக்கிளை இங்கிருந்து கொண்டுபோவதா, அங்கே வாடகைக்கு எடுப்பதா? ஒயின் தொடாதவனுக்கு ஒயின் ஊரில் என்ன வேலை என்று வீட்டில் கேட்கிறார்கள், அதற்கும் ஒரு பதில் வேண்டும்.

பழைய_கவாயோன்காரன்

தம்பி, உங்கள் வழி வரைபடத்தில் அழகாகத்தான் இருக்கிறது. அதை மடித்து உள்ளே வைத்துவிடுங்கள்.

நான் முத்தியால்பேட்டை. வேலைக்காலத்தில் பெரும்பகுதி கவாயோனில், பழங்களைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டும் கூடத்தில் போனது. கார் ஓட்டப் பிடிக்காது, எங்கே போவதென்றாலும் சைக்கிள். ஓய்வுபெற்று இப்போது ஊரோடு வந்துவிட்டேன். அந்தப் பக்கத்தில் எந்தத் திசையில் போவது என்பதை ஓட்டுகிறவன் முடிவு செய்ய முடியாது. காற்று முடிவு செய்யும்.

மிஸ்திரால் என்று ஒரு வாடைக்காற்று. ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கு வழியாக வடக்கிலிருந்து இறங்கும். மணிக்கு 90 கிலோமீட்டரைத் தாண்டி வீசினாலும் அங்கே யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். மார்கழியில் மரக்காணம் உப்பளத்தை ஒட்டி வடக்கே மிதித்திருப்பீர்கள், பெடலில் எழுந்து நின்றாலும் வண்டி நகராது அல்லவா? அது ஒன்றுமே இல்லை. இதில் வேடிக்கை, மிஸ்திரால் அடிக்கும் நாளில் மேகம் துளிகூட இருக்காது, வானம் பளிச்சென்ற நீலம். ஜன்னல் வழியாகப் பார்த்தால் சைக்கிளுக்கென்றே விடிந்த நாள் என்று தோன்றும். மூன்று நாள், ஆறு நாள், ஒன்பது நாள் என்று வீசும் என்பது அந்த ஊர்க் கிழவர்கள் கணக்கு. கணக்கை விடுங்கள், ஆரம்பித்தால் சட்டென்று ஓயாது. வயல்களுக்கு வடக்கே சைப்ரஸ் மரங்களை நெருக்கி நட்டு வேலி மாதிரி வைத்திருப்பதைப் பார்ப்பீர்கள். பழைய பண்ணை வீடுகளின் வடக்குச் சுவரில் ஜன்னலே இருக்காது. எல்லாம் இதற்காகத்தான்.

தினம் ஒரு ஊரில் அறை பதிவு செய்துவிட்டால், காற்று எதிரே நின்றாலும் அந்த அறைக்குப் போய்ச் சேர்ந்தாக வேண்டும், அதுவும் பையைச் சுமந்துகொண்டு. அதனால் ஒரே ஊரில் தங்குங்கள். காலையில் மரக்கிளை எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பாருங்கள், அப்புறம் வழியை முடிவு செய்யுங்கள். என் தேர்வு கவாயோன். சொந்த ஊர்ப் பாசம் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் காரணமும் இருக்கிறது. ரயில் நிலையம் உண்டு, கிழக்கே லூபெரோன் மலை, தெற்கே அல்பீய் மலை, இரண்டுக்கும் காலையில் போய் மாலையில் திரும்பலாம். சுற்றுலாக் கூட்டமும் குறைவு, அறை வாடகை பக்கத்துச் சுற்றுலா ஊரான கோர்த் மாதிரி கண்ணைக் கட்டாது.

காற்று இல்லாத நாளில் கிழக்கே போங்கள். ஆப்ட் ஊருக்கு இப்போது ரயில் கிடையாது. தண்டவாளத்தை எடுத்துவிட்டு அந்தத் தடத்தையே சைக்கிள் பாதையாக்கிவிட்டார்கள். முப்பது கிலோமீட்டருக்கு மேல் கார் தொல்லை இல்லாமல் போகலாம், ரயில் ஓடிய தடம் என்பதால் செங்குத்தான ஏற்றமும் இல்லை. ஆனால் போகும்போது அதில் போகாதீர்கள். மலைச் சரிவிலிருக்கும் மெனெர்ப், லகோஸ்த், போனியூ என்று ஏறி இறங்கிப் போங்கள். ஒவ்வொன்றும் குன்றின் மேல் கல் வீடுகளாக நெருங்கி நிற்கும் ஊர். போனியூவிலிருந்து வடக்கே இறங்கினால் மூன்று வளைவுள்ள ஒரு ரோமானியப் பாலம் வரும், போன் ஜூலியேன் என்று பெயர். கி.மு. 3 வாக்கில் கட்டியது. 2005 வரை அதன் மேல் கார் போய்க்கொண்டிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். இப்போது நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் மட்டும்தான். பாலத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, திரும்பும்போது ரயில் தடத்தில் வாருங்கள். கால் ஓய்ந்திருக்கும் நேரத்துக்கு அது சரியாக இருக்கும்.

மிஸ்திரால் அடித்தால் அறையில் முடங்க வேண்டாம். சைக்கிளோடு ரயிலேறி அவிஞ்ஞோன் மாறி ஒரான்ஜ் போய் இறங்குங்கள். உள்ளூர் ரயிலில் பிரிக்காமலே ஏற்றலாம். டிஜிவி என்ற அதிவேக ரயிலில் என்றால் கழற்றிப் பைக்குள் போட வேண்டும். ஒரான்ஜில் ரோமானிய நாடக அரங்கின் பின்சுவர் மட்டுமே 37 மீட்டர் உயரம், 103 மீட்டர் நீளம். அதைப் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பினால் காற்று முதுகில். ஷாத்தோநெஃப் து பாப் வழியாக அவிஞ்ஞோன் வரைக்கும் தள்ளிக்கொண்டே வரும். 1309 முதல் 1377 வரை போப்பாண்டவர்கள் ரோமை விட்டு அவிஞ்ஞோனில் இருந்தார்கள் இல்லையா, ஷாத்தோநெஃப்பில் கோடை மாளிகை கட்டியதும் அவர்கள்தான். அங்கே திராட்சைக் கொடியைப் பந்தலில் விடுவதில்லை. இடுப்பளவு குத்துச்செடியாக நிற்கும், கீழே மண்ணே தெரியாமல் உருண்டைக் கூழாங்கல். பகலில் வாங்கிய சூட்டை அந்தக் கல் ராத்திரியில் செடிக்குத் திருப்பிக் கொடுக்கும். இன்னொன்று, 1954இல் அந்த ஊர் மேயர், பறக்கும் தட்டுகள் எங்கள் திராட்சைத் தோட்டத்தில் இறங்கக் கூடாது என்று அரசாணை மாதிரி ஒரு உத்தரவே போட்டார். நிஜம்தான். இதுவரை மீறியதாகத் தகவல் இல்லை.

ஆலிவ் பார்க்க என்றால் தெற்கே போங்கள்: சேன் ரெமி, லே போ, மோஸான், மூரியேஸ். என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் மேலான நாள். வெள்ளைப் பாறை மலை, அதன் அடிவாரம் முழுக்க ஆலிவ். மரங்களைக் கவனித்துப் பாருங்கள், பலதும் ஒரே வேரிலிருந்து மூன்று நான்கு தண்டாகக் கிளம்பியிருக்கும். 1956 பிப்ரவரியில் விழுந்த உறைபனியில் ப்ரோவான்ஸின் ஆலிவ் தோப்புகள் கருகிப்போயின. அடியோடு வெட்டினார்கள், வேர் உயிரோடு இருந்த இடத்தில் பக்கக் கன்று வெடித்தது, அதுதான் இன்றைய மரம். நிறையப் பேர் ஆலிவையே கைவிட்டு வேறு பயிருக்குப் போனார்கள். 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் முடிந்து பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் சாய்ந்து கிடந்ததைப் பார்த்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

செப்டம்பரில் காய் பச்சையாக மரத்தில் தொங்கும். எண்ணெய் ஆட்டுவது நவம்பர் வாக்கில்தான் தொடங்கும். மரத்திலிருந்து பறித்துக் கடித்துப் பார்க்காதீர்கள், வேப்பங்காய் தோற்கும் கசப்பு. அந்த மாதத்தில் பச்சைக் காயை நசுக்கி, உப்பு நீரில் பெருஞ்சீரகத் தழையோடு ஊறப்போட்டு விற்பார்கள், அதை விடாதீர்கள்.

கோர்த் போகலாம், போகாமலும் இருக்கலாம். ஏற்றம் முழுக்கக் கார் வரிசை.

ஓ.டி._பெடல்

பெரியவர் சொன்ன எல்லாவற்றையும் ஒத்துக்கொள்கிறேன், ஒன்றைத் தவிர. மோன் வான்ட்டூ மலை பற்றி ஒரு வார்த்தைகூட இல்லையே ஐயா! அவ்வளவு தூரம் போகிற ரோடு பைக்காரன் அதில் ஏறாமல் வந்தால் நம் குழுவில் சேர்க்க மாட்டோம்.

1,900 மீட்டருக்குமேல் உயரம், மேலே மரமே கிடையாது, வெறும் வெள்ளைச் சரளைக்கல். பெதுவேன் பக்கத்திலிருந்து ஏறினால் 21 கி.மீ. ஏற்காடு அடிவாரத்திலிருந்து மேலே போகிற தூரம்தான், ஆனால் செங்குத்து அதிகம், மொத்த ஏற்றம் சுமார் 1,600 மீட்டர். நடுவில் காட்டுக்குள் ஒன்பது, பத்து சதவீதம் கிலோமீட்டர் கிலோமீட்டராக விடாது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே டாம் சிம்ப்ஸன் நினைவுக்கல் இருக்கிறது. 1967 ஜூலை 13, டூர் த பிரான்ஸ் போட்டியில் வெயிலும் ஊக்க மருந்தும் சேர்ந்து அங்கே சாய்ந்தவர்.

சைக்கிள் விஷயம். வாடகைக்கே எடுங்கள் ப்ரோ. ஒரு வாரத்துக்காக அட்டைப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு சென்னை ஏர்போர்ட்டில் திண்டாட வேண்டாம். இங்கே உங்கள் 11-28 போதும், அங்கே ஏற்றத்துக்குப் பின்னால் 32 அல்லது 34 பல் கேட்டு வாங்குங்கள். உங்கள் பெடல், உங்கள் சீட், இரண்டை மட்டும் கொண்டுபோங்கள். கடையிலேயே பிரேக்கைச் சரிபாருங்கள், அங்கே பெரும்பாலும் இடது கைதான் முன் பிரேக். நமக்குப் பழக்கம் வேறாக இருந்தால் முதல் இறக்கத்திலேயே தெரிந்துவிடும்.

போவதற்குள் ஒரு தடவையாவது ஏற்காடு. தைரியம் இருந்தால் கொல்லிமலை, எழுபது கொண்டை ஊசி வளைவு. செஞ்சி வரை போய் வந்தால் கால் பழகும், ஏற்றம் பழகாது.

லாஸ்பேட்டை_செயின்

சாப்பாட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை, ஆண்கள் திட்டம் போட்டால் இப்படித்தான். நானும் சைவம், நார்த்தாமலை முதல் நீம் வரை பசியோடு ஓட்டிய அனுபவம் உண்டு.

அண்ணா, மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டு வரைதான் அங்கே மதியச் சாப்பாடு. இரண்டரைக்குப் போய் நின்றால் அடுப்பை அணைத்திருப்பார்கள், கெஞ்சினாலும் கிடைக்காது. சின்ன ஊரில் கடையும் அந்த நேரத்தில் மூடியிருக்கும். திங்கட்கிழமை நிறைய பேக்கரி விடுமுறை. அதனால் காலையிலேயே ரொட்டி, தக்காளி, பழம் வாங்கிப் பின்பாக்கெட்டில் வைத்துவிடுங்கள். சனிக்கிழமை ஆப்ட் சந்தை, ஞாயிறு ஈல் சுர் லா சோர்க் சந்தை, இரண்டும் உங்கள் வழியில்தான். ரத்தத்தூய் என்ற காய்கறிக் கூட்டு, துளசி இலை அரைத்துப் போட்ட காய்கறி சூப், சூடான ஆட்டுப்பால் சீஸ் வைத்த சாலட் எல்லாம் நம்பிச் சாப்பிடலாம். தாப்பனாத் என்று ஆலிவ் விழுது ஒன்று கொடுப்பார்கள், ரொட்டியில் தடவினால் சுகமாக இருக்கும், ஆனால் அதில் நெத்திலி அரைத்திருப்பார்கள்! கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். கீஷ் என்ற முட்டை வைத்துச் சுடும் பண்டத்திலும் பன்றி இறைச்சித் துண்டு ஒளிந்திருக்கும்.

தண்ணீருக்கு ஊர் நடுவே நீரூற்று உண்டு. 'நோன் போத்தாபிள்' என்று பலகை இருந்தால் அந்தத் தண்ணீர் குடிக்க ஆகாது. ஊற்று இல்லாத ஊரில் கல்லறைத் தோட்டத்துக் குழாயைத் தேடுங்கள். வீட்டில் சொல்ல வேண்டாம்.

ஒயின் தொடாதவருக்கு அங்கே என்ன வேலை என்று கேட்டால், மஸ்கா து வான்ட்டூ என்று சொல்லுங்கள். சாப்பிடுவதற்கென்றே விளைகிற கருநீலத் திராட்சை, கொட்டையுள்ளது, சரியாக செப்டம்பரில்தான் வரும். ஒயினுக்கு மாதிரியே அதற்கும் சட்டப்படி ஊர்ப்பெயர்ப் பாதுகாப்பு இருக்கிறது. ஒரு கிலோ வாங்கினால் மாலை வரை தாங்காது.

மஞ்சக்குப்பம்_ரைடர்

எல்லாருக்கும் நன்றி. வீட்டில் படித்துக் காட்டினேன், கல்லறைக் குழாயைத் தவிர.

ஐயா, கவாயோனிலேயே தங்குகிறேன். சைக்கிளும் வாடகைதான். இரண்டு சந்தேகம். வலது பக்கம் ஓட்டுவது பற்றிக் கொஞ்சம் பயம். அப்புறம் வான்ட்டூ... ஓ.டி. அண்ணன் ஆசையைக் கிளப்பிவிட்டார். பெதுவேன் பக்கம் எனக்கு ஆகுமா?

பழைய_கவாயோன்காரன்

வலது பக்கம் அரை நாளில் பழகிவிடும். நேர்ச் சாலையில் தவறு வராது. காலியான தெருவில், கடையிலிருந்து கிளம்பும் நிமிடத்தில்தான் கை தானாக இடது பக்கம் இழுக்கும். ரவுண்டானாவை வலது பக்கமாகப் போய்ச் சுற்றுங்கள். ஊருக்குள் பலகை எதுவும் இல்லாத முனையில், வலது சந்திலிருந்து வருகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை. அது சின்ன சந்தாக இருந்தாலும் நிற்க வேண்டும், அவன் பார்க்காமல் வருவான். ஊருக்கு வெளியே கார்கள் ஒன்றரை மீட்டர் தள்ளித்தான் முந்த வேண்டும் என்பது சட்டம், பெரும்பாலும் மதிக்கிறார்கள். காதில் இயர்போன் மாட்டி ஓட்டினால் அபராதம். செப்டம்பர் நடுவிலிருந்து வேட்டைக் காலமும் தொடங்கும், ஞாயிற்றுக்கிழமை காட்டோரப் பாதையில் பளீர் நிறச் சட்டை போடுங்கள். திராட்சை அறுவடை டிராக்டர் முன்னால் போனால் அவசரப்பட்டு முந்தாதீர்கள், சட்டென்று தோட்டத்துக்குள் திரும்பும்.

வான்ட்டூவை நான் சொல்லாததற்குக் காரணம் அதே காற்றுதான். கீழே இலை அசைகிற நாளில் மேலே சைக்கிளைப் பிடித்து நிற்க முடியாது. இருந்தாலும் போகத்தான் போகிறீர்கள் என்று தெரிகிறது. பெதுவேன் வேண்டாம், ஸோ பக்கத்திலிருந்து ஏறுங்கள். 26 கி.மீ., தூரம் கூடுதல்தான், ஆனால் ஷாலே ரெய்னார் என்ற இடம் வரை ஏற்றம் மெதுவாக இருக்கும். கடைசி ஆறு கிலோமீட்டர் பெதுவேன் வழியும் அதுவும் ஒன்றே, அங்கே கஷ்டம் உண்டு. மாமாவை ஒரு நாள் காரில் ஸோ வரை கொண்டுவிடச் சொல்லுங்கள். இறங்குவதற்கு ஒரு காற்றுச்சட்டை மறக்காதீர்கள். கீழே வெயில் அடித்தாலும் மேலே குளிர் எலும்பில் இறங்கும்.

ஷாலே ரெய்னாரில் நின்று, மேலிருந்து வருகிறவர்கள் சைக்கிளில் வருகிறார்களா, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார்களா என்று பாருங்கள். தள்ளிக்கொண்டு வந்தால் அங்கேயே ஒரு காபி குடித்துவிட்டுத் திரும்பிவிடுங்கள். ஓ.டி. தம்பிக்கு நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.