திருவனந்தபுரம் மெட்ரோ: நம்ம குமரிக்காரர்கள் கருத்தை எங்கே பதிவு செய்வது?

வணக்கம் மக்களே. மார்த்தாண்டத்திலிருந்து கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்குத் தினமும் வேலைக்குப் போகிறேன். குழித்துறையில் ரயிலேறி தம்பானூரில் (திருவனந்தபுரம் சென்ட்ரல்) இறங்குவது வரை பரவாயில்லை. அப்புறம் டவுன் பஸ்ஸில் நின்றுகொண்டே போவதுதான் பெரும்பாடு.

2025 நவம்பரில் கேரள அரசு ஒப்புக்கொண்ட மெட்ரோ தடம் பாப்பனங்கோட்டில் தொடங்கி, கழக்கூட்டம், டெக்னோபார்க், விமான நிலையம் வழியாக ஈஞ்சக்கல் வரை 31 கி.மீ., 27 நிலையங்கள். பாப்பனங்கோடு களியக்காவிளை ரோட்டிலேயே இருப்பதால் நம்ம பஸ்ஸில் போகிறவர்களும் அங்கேயே மாறிக்கொள்ளலாம். ஆனால் எத்தனை நிமிடத்துக்கு ஒரு வண்டி, முதல் வண்டி எப்போது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நெரிசல் நேரத்தில் கால் மணி நேரத்துக்கு ஒன்று என்றால் யாரும் பஸ்ஸை விடமாட்டார்கள். நம் பக்கத்து ரயில்கள் வந்துசேரும் நேரத்தோடும் ஒத்துப்போக வேண்டும்.

இதையெல்லாம் எழுதி சம்பந்தப்பட்ட அலுவலகத்துக்கு மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. நேரில் போனபோது, "கருத்துக்கேட்புக் கூட்டம் வைத்தால் பேப்பரில் வரும்" என்றார்கள். எந்தப் பேப்பரில்? நாகர்கோவில் பதிப்பிலா வரப்போகிறது? தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டதற்கு, பரிசீலனையில் உள்ளது என்று மலையாளத்தில் ஒரு வரி. இங்குள்ள மக்கள் பிரதிநிதி ஒருவர், "அது வேற ஸ்டேட் சமாச்சாரம்" என்று முடித்துவிட்டார்.

நிலம் எடுப்பதற்கான சமூகத் தாக்க மதிப்பீட்டுக் கூட்டம் வேறு. நான் கேட்பது பயணிகள் தரப்பு.

கேரளத் திட்டம் எதற்காவது வெளிமாநிலப் பயணியாக எழுத்தில் கருத்துக் கொடுத்து ஒப்புகை வாங்கியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: எந்த அதிகாரிக்கு, எந்த வழியில் கொடுத்தீர்கள்?