மறு: லாரி அல்லாத ‘டிரக்’குக்கு ஒரு சொல்

அன்பர்களுக்கு வணக்கம்.

ஸ்கேட்போர்டு (நின்று ஓட்டும் சக்கரப் பலகை) வரலாறு பற்றிய ஒரு கட்டுரையின் மொழிபெயர்ப்பைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். ‘இண்டிபெண்டன்ட் டிரக் கம்பெனி’ அதில் ‘சுதந்திர லாரி நிறுவனம்’ ஆகிவிட்டது. சிரித்து முடித்த பிறகுதான் நம்மிடம் சொல்லே இல்லை என்பது உறைத்தது.

இந்த டிரக், பலகைக்கு அடியில் முன்னும் பின்னும் திருகியிருக்கும் உலோகப் பாகம். சக்கரங்கள் இதன் இரு முனைகளில். பலகையின் ஒரு பக்கத்தைக் காலால் அழுத்தினால் நடுவிலுள்ள புஷ் (ரப்பர் போன்ற வளையம்) நசுங்கி, அச்சு அந்தப் பக்கமாகத் திரும்பும். 1863இல் ஜேம்ஸ் பிளிம்ப்டன் நியூயார்க்கில் காப்புரிமை பெற்ற உருளைச் சறுக்குக் காலணியிலேயே இந்த உத்தி உண்டு.

கட்டுரையின் கதையே இதைச் சுற்றித்தான். சான் பிரான்சிஸ்கோவில் ஃபாஸ்டோ விட்டெல்லோவும் எரிக் சுவென்சனும் முதலில் ‘ஸ்ட்ரோக்கர்’ என்றொரு டிரக் செய்தார்கள். கார் சஸ்பென்ஷன் மாதிரி ஏகச் சிக்கல். 1978இல் சாண்டா குரூசின் என்.எச்.எஸ். என்ற ஸ்கேட்போர்டு நிறுவனத்து ஆட்களோடு சேர்ந்து இண்டிபெண்டன்ட். அதற்கு விளம்பரம் வேண்டுமே என்று 1981இல் ‘திராஷர்’ பத்திரிகை. இன்று பலகையில் ஏறியே பார்க்காதவர்களும் திராஷர் டி-ஷர்ட் போட்டுத் திரிகிறார்கள். அச்சு விற்கப் போய்ச் சட்டை விற்ற கதை!

என் பரிந்துரை: அச்சுத்தாங்கி.

---

ஐயா, ‘தாங்கி’யைப் பேரிங்குக்குக் கொடுத்தாயிற்று. இதே சக்கரத்துக்குள் பேரிங்கும் இருக்கிறது, வாசகர் குழம்புவார். ‘அச்சு’ என்றாலோ அச்சகம் வந்து நிற்கும். மாட்டுவண்டிக்காரர்கள் சக்கர அச்சுக்குச் சொல்லும் ‘இருசு’ சும்மாதானே கிடக்கிறது? ‘சாயிருசு’ என்போம். வினைத்தொகை: சாய்ந்த, சாய்கின்ற, சாயும் இருசு. வண்டி இருசு சாய்ந்தால் குடை சாயும். இது சாய்ந்தால்தான் வண்டி திரும்பும்.

கிங்பின் (நடுவிலுள்ள போல்ட்), புஷ் இரண்டையும் தொடாதீர்கள். லாரிப் பட்டறையில் தினமும் புழங்கும் சொற்கள்.

---

சாயிருசு பிடித்திருக்கிறது, அச்சுத்தாங்கியைத் திரும்பப் பெறுகிறேன். நிறுவனப் பெயரை மட்டும் ‘இண்டிபெண்டன்ட்’ என்றே விடுகிறேன். பெயரை மொழிபெயர்க்கப் போய்த்தானே லாரி வந்தது. முதல் இடத்தில் ‘சாயிருசு எனும் டிரக்’, பிறகெல்லாம் வெறும் சாயிருசு. மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், திங்களன்று அச்சுக்குப் போகிறது. (அந்த அச்சு!)