புதுப்பிப்பு: அப்பாவின் கால் வாசலில் ஒட்டிக்கொள்வது – தரைக்கோடு உதவியது

பார்க்கின்சன் நோய் உள்ள அப்பாவுக்கு, சிங்கப்பூர் ஈசூனில் இருக்கும் எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறை வாசலில் கால் தரையோடு ஒட்டிக்கொள்கிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

பலன் தந்தது, தரையில் குறுக்காக நாடா ஒட்டச் சொன்ன யோசனைதான். பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கு வந்து, அப்பா எடுத்துவைக்கும் அடியின் நீளத்துக்கு ஏற்ற இடைவெளியில் மஞ்சள் நாடா ஒட்டினார். இடுப்பைப் பிடித்து, எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாற்றப் பழக்கினார். இப்போது கோட்டைத் தாண்டப் பார்த்ததுமே கால் எழுகிறது. சீராகத் தட்டும் மெட்ரோனோம் கருவியின் தாளத்துக்கு நடப்பது அப்பாவுக்கு ஒத்துவரவில்லை.

எதிர்பாராதது ஒன்று: திரும்பும்போது இன்னும் நின்றுவிடுகிறார். நின்ற இடத்திலேயே சுழலாமல் அகலமாக வளைந்து திரும்பப் பழக்குகிறோம். அப்புறம், பார்க்கின்சன் மருந்தான லெவோடோபா வேலை செய்யும் நேரத்தில் பயிற்சி வைத்தால்தான் சரிவருகிறது. கையைப் பிடித்து இழுக்காதீர்கள். அப்படி இழுத்துத்தான் அப்பா ஒருமுறை விழுந்தார்.