15 விழுக்காடு போட்டிருக்காங்க, அப்பீல் பண்ணலாமா?

பிறைப் பையன்:
போன வருஷம் பிறையில ஒரு ஃபேக்டரியில பிரஸ் மெஷின்ல வலது கை மாட்டிக்கிச்சு. ஆள்காட்டி விரலும் நடு விரலும் இருக்கு, ஆனா முழுசா மடங்காது. பெர்கேசோ (மலேசியத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) மருத்துவர் குழு நிரந்தர இயலாமை 15 விழுக்காடுன்னு முடிவு பண்ணி கடிதம் வந்திருக்கு. மொத்தப் பணமா வாங்கிக்கோன்னு வீட்டுல சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பல. தே தாரிக் கிளாஸைக்கூட இடது கையாலதான் தூக்குறேன்.

லோரி மணி:
தம்பி, வாங்கிட்டுப் போ. 20 விழுக்காடு வரைக்கும்தான் மொத்தமா எடுக்கலாம். அதுக்கு மேல போனா அஞ்சுல ஒரு பங்குதான் மொத்தமா வரும், மீதி மாசா மாசம். இப்ப ஸ்டோர்லதானே இருக்கே, சம்பளமும் குறையலைன்னு முன்னாடி எழுதியிருந்தே. அப்புறம் என்ன இழப்பு?

பட்டர்வொர்த் பழசு:
மணி, கேள்வியே தப்பு. வேலைக்குத் திரும்பினவங்களுக்கும் இந்தப் பணம் உண்டு. சம்பள ஸ்லிப்பைப் பார்த்துப் போடுறது இல்ல, கையைப் பார்த்துப் போடுறது. நாளைக்கு இந்த ஸ்டோரை மூடினா இவனை எவன் மெஷின்ல நிக்க வைப்பான்? தம்பி, முடிவு கிடைச்ச நாள்லேருந்து 90 நாளுக்குள்ள மேல்முறையீட்டு மருத்துவர் குழுவுக்குப் போகலாம். மொத்தப் பணத்துக்கான பாரத்துல இப்பவே கையெழுத்துப் போட்டுடாதே.

லோரி மணி:
பழசு அண்ணே, அப்பீல்னா ஏறத்தான் செய்யும்னு எங்க எழுதியிருக்கு? முதல்லேருந்து பார்ப்பாங்க. குறைச்சாலும் குறைச்சதுதான். அதுக்கு ஃபேக்டரி மேலயே கேஸ் போடலாம்.

பட்டர்வொர்த் பழசு:
முடியாது. 1969-ஆம் ஆண்டு பெர்கேசோ சட்டம், பிரிவு 31. பெர்கேசோ பாதுகாப்புல இருக்குற தொழிலாளி, அதே காயத்துக்காக முதலாளி மேல நஷ்ட ஈட்டு வழக்குப் போட வழி இல்ல. வக்கீலுக்குக் காசைக் கொடுத்துட்டு அப்புறம் இங்க வந்து அழாதீங்க.
குறையலாம்கிறது உண்மைதான், மறுக்கல. அதனால வெறுங்கையோட போகக் கூடாது. தம்பி, முதல் தடவை என்ன கொண்டு போனே?

பிறைப் பையன்:
எம்.சி.யும் (மருத்துவ விடுப்புச் சீட்டு) எக்ஸ்ரேயும்தான் அண்ணே. "வலிக்குதா"ன்னு கேட்டாங்க, "பரவால்ல டாக்டர்"னு சொல்லிட்டேன்.

பட்டர்வொர்த் பழசு:
நம்ம ஆளுங்க வியாதியே இதுதான். டாக்டரைப் பார்த்ததும் மரியாதை வந்துடும்! எலும்பு சேர்ந்தது எக்ஸ்ரேல தெரியும். பிடி போனது தெரியுமா? கை நிபுணர்கிட்ட அறிக்கை வாங்கு. பிடிவலுவை அளந்து எழுதச் சொல்லு. நரம்புப் பரிசோதனை, சிகிச்சைக் குறிப்பு எல்லாம் சேர்த்துக்கோ.

செபராங் ஜெயா அக்கா:
ரெண்டு பேரும் விழுக்காட்டுலயே நிக்கிறீங்க. நான் சம்பளப் பிரிவுல இருந்தவ. ஒரு நாளைக்கு எவ்வளவுங்கிற கணக்கு எப்படின்னா, சராசரி தினச் சம்பளத்துல 90 விழுக்காடு, அதுல உன்னோட விழுக்காடு. சராசரி 80 வெள்ளின்னு (ரிங்கிட்) வச்சுக்கோ: 72 வெள்ளியில 15 விழுக்காடு 10.80, முப்பது நாளுக்கு 324 வெள்ளி. அந்தச் சராசரி விபத்துக்கு முந்தைய ஆறு மாச பெர்கேசோ சந்தாவுலேருந்து வருது. இ.பி.எஃப்.புக்கு (சேமநிதி) ஓ.டி. (கூடுதல் நேரச் சம்பளம்) சேராது, பெர்கேசோவுக்குச் சேரும். ஓ.டி.யைக் காட்டாம சந்தா கட்டியிருந்தா உன் சராசரியே கம்மி. அது 100 வெள்ளியா இருந்தா, அதே 15 விழுக்காட்டுக்கு 405 வெள்ளி. அப்பீலே வேணாம்.

லோரி மணி:
பார்த்தீங்களா, அக்காவே அப்பீல் வேணாம்னுட்டாங்க.

செபராங் ஜெயா அக்கா:
டேய், நான் அப்படிச் சொல்லல. முதல்ல அதைப் பாருன்னேன். ரெண்டும் வேற வேற வேலை, ரெண்டையும் செய்யலாம்.

பிறைப் பையன்:
அக்கா, பழைய ஸ்லிப்பைத் தேடி எடுத்தேன். ஆறு மாசத்துல நாலு மாசம் ஓ.டி. அறுநூறு வெள்ளிக்கு மேல. சந்தா அடிப்படைச் சம்பளத்துக்குத்தான் கட்டியிருக்காங்க.

பட்டர்வொர்த் பழசு:
ஸ்லிப்பை நகல் எடுத்துட்டு நேரா பெர்கேசோ அலுவலகத்துக்குப் போ. ஃபேக்டரிகிட்ட முதல்ல கேட்டு நிக்காதே. கடிதம் வந்து எத்தனை நாள் ஆச்சு?

பிறைப் பையன்:
52.

லோரி மணி:
அப்ப இன்னும் 38 நாள்தான். கை நிபுணர்கிட்ட தேதி கிடைக்கவே அது ஓடிடும். சொல்றதைச் சொல்லிட்டேன்.

பட்டர்வொர்த் பழசு:
அதுக்குத்தான் நாளைக்கே போகச் சொல்றேன் மணி.