கற்பனை உலகின் மலைத்தொடர்: அதன் நிலவியலையும் வரலாற்றையும் எப்படி அமைப்பது?

மேலூர் வாசகன் எழுதியது:

வணக்கம். தமிழில் ஒரு நெடுங்கதை எழுதி வருகிறேன். அதன் உலகம் முழுக்கக் கற்பனை. ஆனால் நடுவில் நிற்கும் மலைத்தொடர் மட்டும், படிப்பவர் ஏறி இறங்கிப் பார்த்த மலையைப் போல நம்பத்தக்கதாக இருக்க வேண்டும் என்பது என் ஆசை. அதற்கு எழுமுடித் தொடர் என்று பெயரிட்டிருக்கிறேன். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளம். மேற்கே கடல் பக்கத்திலேயே இருக்கிறது. கிழக்கே அகன்ற சமவெளி. அந்தச் சமவெளியில், செங்கால் என்னும் ஆற்றின் கரையில், நெடுவயல் என்ற தலைநகரம். நம் மதுரைச் சீமையின் வெயிலை மனத்தில் வைத்தே அந்நாட்டை எழுதுகிறேன்.

என் வரைபடத்தில் செங்கால் மேற்குச் சரிவில் பிறந்து, முகட்டைக் கடந்து, கிழக்கே இறங்கித் தலைநகரை அடைகிறது. 2,600 மீட்டர் உயரமுள்ள நடுமுடியில் ஆண்டு முழுவதும் பனி உறைந்து கிடக்கிறது. வரலாறு என்று பார்த்தால், மலைமேல் ஆதிகுடிகள், சமவெளியில் அரசர்கள், இருவருக்கும் இடையே நெடும்போர் என்ற அளவில்தான் இருக்கிறது. அது அரசர்களின் பெயர்ப்பட்டியலாக முடிந்துவிடக் கூடாது என்று நினைக்கிறேன். மலையின் அமைப்பு பொருந்துகிறதா, வரலாற்றை எங்கிருந்து தொடங்கலாம் என்று அறிந்தவர்கள் சொன்னால் கடமைப்பட்டிருப்பேன்.

ஆண்டிபட்டி ஆசிரியர் எழுதியது:

பெயர்களையும் போர்களையும் சற்று ஒதுக்கிவைத்துவிட்டு, மழை எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். மேற்கே கடல் என்றால், ஈரக்காற்று மேற்குச் சரிவில் ஏறிக் குளிர்ந்து அங்கேயே கொட்டிவிடும். கிழக்கே இறங்கும்போது அதில் ஈரம் மிஞ்சாது. ஆனி, ஆடி மாதங்களில் தேனிப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் இதைக் கண்ணாலேயே காணலாம். முகடு முழுவதும் கருமேகம் கவிந்திருக்கும். காற்று மட்டும் புழுதியை வாரிக்கொண்டு கீழே வரும். மலையடியில் சாரல் தூறும், சில கல் தொலைவு கிழக்கே வந்தால் அதுவும் நின்றுவிடும். மேற்குத் தொடர்ச்சி மலையின் மேற்குச் சரிவில் பல இடங்களில் ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. மதுரைக்குக் கிடைப்பதோ சுமார் 850 மில்லிமீட்டர்தான்; அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவக்காற்று தருவது.

ஆகவே உங்கள் நெடுவயல் மழை மறைவில் இருக்கிறது. வருசநாட்டு மலையில் பிறந்து 258 கிலோமீட்டர் ஓடும் வைகையைப் போல, செங்காலும் ஆண்டின் பெரும்பகுதி மணலாகக் கிடக்கும் ஆறாகவே இருக்க வேண்டும். இதை ஒரு குறையாக எண்ணாதீர்கள். தாகமுள்ள தலைநகரம் ஏரி வெட்டும், கால்வாய் எடுக்கும், மதகு காக்க ஆள் வைக்கும், தண்ணீர்ப் பங்கீட்டுக்காக ஊரோடு ஊர் மோதும். கதைக்கு வேண்டியது பெரும்பாலும் அதிலிருந்தே கிடைத்துவிடும்.

ஆறு முகட்டைக் கடப்பது அரிதே தவிர, நடக்காதது அன்று. சிந்து, சட்லெஜ், பிரம்மபுத்திரா ஆகியவை இமயம் எழும்புவதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தவை. மலை உயர உயர அவை அடியில் அறுத்துக்கொண்டே வந்ததால் இன்றும் மலையை ஊடறுத்து ஓடுகின்றன. நீங்கள் அவ்வழியைக் கொண்டால் செங்கால் மலையைவிட மூத்ததாக இருக்க வேண்டும். அது கடக்கும் இடம் செங்குத்தான ஆழ்ந்த பிளவாக இருக்க வேண்டும். இன்னொரு வழி மனிதர் செய்வது. மேற்கே ஓடிய பெரியாற்றை அணைகட்டித் தேக்கி, நீர்பிரி மேட்டைக் குடைந்து, கம்பம் பள்ளத்தாக்கின் வழியாக வைகையில் சேர்த்த பணி 1895இல் நிறைவேறியது. அந்த அணையைக் கட்டிய பொறியாளர் பென்னிகுவிக்கின் பெயரை இன்றும் இப்பகுதி உழவர்கள் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள் என்றால், ஒரு மலையின் அந்தப் பக்கத்து நீர் இந்தப் பக்கம் வந்ததன் பொருள் என்ன என்பது விளங்கும்.

பனியைப் பற்றி: 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ ஆறரை பாகை செல்சியஸ் குறையும். கீழே சராசரி 29 பாகை என்றால், 2,600 மீட்டரில் சுமார் 12 பாகை இருக்கும். அங்கே நிலையான பனி நிற்காது. வெப்ப நாட்டில் அதற்கு 5,000 மீட்டர் அளவில் உயரம் வேண்டும். கொடைக்கானலில் மார்கழி, தையில் புல்நுனியில் உறைபனி படியும், வெயில் ஏறியதும் கரையும். நடுமுடிக்கு அது போதும்.

கம்பத்துக்காரன் எழுதியது:

ஆசிரியர் ஐயா நீரைச் சொன்னார். நான் பாதையைச் சொல்கிறேன். மலைத்தொடரைச் சுவராக எழுதாதீர்கள். குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய வழிகளில் ஆளும் சரக்கும் ஓயாமல் ஏறி இறங்குகின்றன. விடியும் முன்பே எங்கள் பள்ளத்தாக்கிலிருந்து பெண்கள் சோற்றுத் தூக்கோடு ஜீப்பில் நெருங்கி உட்கார்ந்து ஏலத்தோட்டங்களுக்குப் புறப்படுவார்கள். இருட்டுவதற்குள் திரும்பி வந்து உலை வைப்பார்கள். எழுமுடியிலும் இரண்டு மூன்று மெட்டுகளை வைத்து, ஒவ்வொன்றிலும் எது ஏறுகிறது, எது இறங்குகிறது, சுங்கம் யாருக்குப் போகிறது என்று முடிவு செய்துவிட்டால், ஊர்கள் எங்கே அமையும் என்பது தானாகத் தெரிந்துவிடும்.

மலைமேல் ஆதிகுடி, கீழே அரசர் என்ற பிரிவினை எனக்கு ஒப்புதல் இல்லை. மலையில் தொன்றுதொட்டு வாழ்பவர்கள் இருக்கிறார்கள்தான். ஆனால் முதுவர் என்னும் மலைக்குடியினர் தங்கள் வாய்மொழி மரபில், மதுரையிலிருந்து மலையேறி வந்தவர்களாகத் தம்மைச் சொல்கிறார்கள். மலைக்கு அப்பால் கேரளத்துப் பூஞ்சாற்றில் இருந்த அரச குடும்பமும் தன்னைப் பாண்டியர் வழி என்றே சொல்லிக்கொண்டது. கீழே தோற்றவர்கள் மேலே போகிறார்கள். அங்கே சில தலைமுறைக்குப் பின் அவர்களே மலைக்காரர்கள் ஆகிறார்கள். உங்கள் மலைக்குடிகளில் ஒன்றாவது நெடுவயலை ஒருகாலத்தில் ஆண்ட குடியாக இருக்கட்டும். அதன்பிறகு அந்தப் போர் நீங்கள் நினைத்ததைவிட ஆழமாகிவிடும்.

முகட்டில் எல்லை வைப்பதிலும் கவனம் தேவை. கூடலூருக்கு மேலே எல்லையில் இருக்கும் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்குத் தமிழ்நாடு, கேரளம் ஆகிய இரு மாநிலமும் உரிமை கோருகின்றன. சித்திரை முழுநிலவன்று மட்டும் இரு மாவட்ட நிர்வாகமும் சேர்ந்து மக்களை மேலே விடுகின்றன. ஆண்டுக்கு ஒரு நாள் திறக்கும் எல்லைக் கோயில் ஒன்று உங்கள் கதைக்குள் இருந்தால், பகைநாட்டார் இருவர் ஒரே படியில் நிற்க நேரும்.

மேலூர் வாசகன் எழுதியது:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. செங்காலைக் கிழக்குச் சரிவில் பிறக்கும் வறண்ட ஆறாகவே வைத்துவிட்டு, மேற்கு நீரை மலையைக் குடைந்து கொண்டுவந்த அரசி ஒருத்தியைக் கதையின் பழங்காலத்தில் வைக்கலாம் என்று தோன்றுகிறது. என் உலகில் வெடிமருந்து இல்லை. அது இல்லாமல் பாறையைக் குடைய முடியுமா?

ஆண்டிபட்டி ஆசிரியர் எழுதியது:

முடியும். பழங்காலச் சுரங்கங்களில் தீயைக் கொண்டு பாறை உடைத்தார்கள். பாறை முகத்தில் விறகை அடுக்கி எரித்து, கல் நன்றாகக் காய்ந்ததும் தண்ணீரை வீசி அடித்தால், விரிந்த பாறை சட்டென்று சுருங்கி விரிசல் விடும். பிறகு உளியும் ஆப்பும் கொண்டு பெயர்த்தெடுக்கலாம். புகையால் மூச்சுத்திணறி இறப்பவர்கள் இருப்பார்கள். வேலை தலைமுறைக் கணக்கில் நீளும். ஒரே அரசி தொடங்கி முடித்ததாக எழுதாதீர்கள்.

இதில் ஒன்று முக்கியம். அவ்வளவு விறகு எங்கிருந்து வரும்? நம் உயர்மலைகளில் மேடுகளில் புல்லும் மடிப்புகளில் சோலையுமாக இருக்கும். அந்தச் சோலையின் மட்கும் வேரும் மழைநீரைப் பிடித்துவைத்துக் கோடையிலும் ஓடையாகக் கசியவிடுகின்றன. குடைவுக்காகச் சோலையை வெட்டினால், குடைவு முடியும் நாளில் அதற்குள் ஓட வேண்டிய கோடை நீர் குறைந்திருக்கும். மலைக்குடிகளின் முறையீடு இதுவாகவே இருக்கலாம்; அவர்கள் பக்கம் முழு நியாயமும் இருக்கும்.

அழகர்மலை அடிவாரம் எழுதியது:

கல்வெட்டுகளில் ஆர்வமுள்ளவன் என்ற முறையில் வரலாற்றுப் பகுதிக்கு மட்டும் பதில் எழுதுகிறேன். மேலூர் அன்பர் நாள்தோறும் பார்க்கும் யானைமலையையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவிளையாடல் மரபில் அது மதுரையை அழிக்க ஏவப்பட்டு இறைவன் அம்பால் வீழ்ந்த யானை. அதே பாறையில் நரசிங்கப் பெருமாள் குடைவரையை பொ.ஆ. 770இல் பாண்டியனின் அமைச்சர் மாறன்காரி எடுத்ததாக வட்டெழுத்துக் கல்வெட்டு சொல்கிறது. மலையின் மறுபுறம் சமண முனிவர்களின் சிற்பங்கள் இருக்கின்றன. யானையை ஏவியவர்கள் சமணர்கள் என்று புராணம் சொல்லும் மலையிலேயே சமணர்கள் அமைதியாகத் தங்கி வழிபட்டிருக்கிறார்கள். எழுமுடியில் ஒரு முடிக்காவது இவ்வாறு ஒன்றோடொன்று ஒத்துப்போகாத சான்றுகளை வையுங்கள். எது சரி என்று கதைசொல்லி தீர்ப்பளிக்க வேண்டாம்.

அரசர் பட்டியல் வேண்டாம் என்றீர்கள். அதற்கும் வழி இருக்கிறது. மாங்குளத்தில் நெடுஞ்செழியன் பெயர் வரும் தமிழி (தமிழ் பிராமி) எழுத்துக் கல்வெட்டு உண்டு. ஆனால் அழகர்மலைக் குகைத்தளத்தில் கொடையளித்தவர்களாக வருபவர்கள் மதுரையின் உப்பு வணிகர், அறுவை (துணி) வணிகர், கொழு (கலப்பை முனை) வணிகர், பொற்கொல்லர் போன்றோர். தலைமாட்டை உயர்த்தி வழுவழுப்பாகச் செதுக்கிய கற்படுக்கை, மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை நெற்றியில் வெட்டிய காடி, அதன் அருகே ஒரு உப்பு விற்பவரின் பெயர். உங்கள் மலைவழியில் இத்தகைய பெயர்களைச் செதுக்கிவையுங்கள். அந்த வணிகன் ஏன் மலையேறினான் என்ற கேள்வியே ஓர் அத்தியாயம் ஆகும்.

நெடும்போரை எழுதும்போது பாரியின் பறம்பை நினைவில் கொள்ளுங்கள். மூவேந்தரும் சூழ்ந்து நின்றபோது, உழவர் உழாமலே அம்மலை தரும் நான்கைக் கபிலர் எண்ணிச் சொல்கிறார்: மூங்கில் நெல், பலா, வள்ளிக்கிழங்கு, தேன். பறம்பு என்று கருதப்படும் பிரான்மலை நம் பக்கத்திலேயே இருக்கிறது. ஒருமுறை ஏறிப் பாருங்கள். முற்றுகையிடப்பட்ட மலை எத்தனை மாதம் தாங்கும் என்பது வீரத்தைவிட அங்கே என்ன விளைகிறது, சுனை வற்றுமா என்பதைப் பொறுத்தது.

கம்பத்துக்காரன் எழுதியது:

ஆண்டுக் கணக்கையும் இரண்டாக வைக்கலாம். பழனிமலைப் பளியர் பழங்குடியினர் குறிஞ்சி பூத்ததைக் கொண்டு வயது கணக்கிட்டதாகச் சொல்வார்கள். 12 ஆண்டுக்கு ஒருமுறை பூக்கும் அது 1994, 2006, 2018 ஆகிய ஆண்டுகளில் பூத்தது. நெடுவயலில் அரசனின் ஆட்சியாண்டு, எழுமுடியில் பூப்புக் கணக்கு என்று இருந்தால், நீர் உடன்படிக்கை எழுதும் நாளில் இரு தரப்புக் கணக்கர்களும் ஒரே ஆண்டைக் குறிக்கவே வழக்காட வேண்டியிருக்கும். இரண்டு பூப்புக்கு நீர் தருகிறோம் என்று மலைக்காரர் சொன்னதை, எத்தனை ஆண்டு என்று தலைநகரம் தனக்கு வசதியாக எழுதிக்கொள்ளவும் இடமுண்டு.