பாட்டிக்குப் பொங்கல் விடுமுறை ஓய்வா? அந்தப் படத்தில் மணி என்ன?

மணத்தக்காளி:
நேற்று வெண்ணாற்றுக்காரன் இங்கே ஒரு படம் போட்டு எழுதியிருந்தார். இந்த 2026இல் பொங்கல் வியாழக்கிழமை வந்ததால் ஞாயிறு வரை நாலு நாள் தொடர் விடுமுறை. சென்னை, ஓசூர், பெங்களூரு என்று சிதறிக் கிடந்த குடும்பம் மொத்தமும் மன்னார்குடிப் பக்கம் அப்பாயி வீட்டில் கூடிவிட்டதாம். "பேரப்பிள்ளைகளைப் பார்த்ததும் அப்பாயியின் மூட்டுவலி பறந்துவிட்டது. வருஷம் முழுக்கத் தனியாக இருப்பவருக்கு இந்த நாலு நாள்தான் ஓய்வு" என்று முடித்திருந்தார். படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். கூடத்தில் வரிசையாக இலை. ஆண்களும் பிள்ளைகளும் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அப்பாயி குழம்பு வாளியோடு குனிந்து நிற்கிறார். அவர் தலைக்கு மேலே சுவர்க்கடிகாரத்தில் மணி இரண்டு ஐம்பது. விடியுமுன் வாசல் தெளித்தவர் பகல் இரண்டு ஐம்பதுக்கு இன்னும் பரிமாறிக்கொண்டிருக்கிறார். அவர் எப்போது சாப்பிட்டார்? வெண்ணாற்றுக்காரன் இதற்கு மட்டும் பதில் சொல்லட்டும்.

வெண்ணாற்றுக்காரன்:
அக்கா, ஒரு சந்தோஷமான படம் போட்டால் அதையும் பூதக்கண்ணாடி வைத்துத்தான் பார்ப்பீர்களா? முதலில், அந்தக் கடிகாரம் சரியான நேரம் காட்டாது. பஸ்ஸைத் தவறவிடக் கூடாது என்று தாத்தா இருந்தபோதே இருபது நிமிஷம் கூட்டி வைத்தது. அப்பாயி அதை மாற்ற விடமாட்டார். இரண்டாவது, அப்பாயியை யாரும் வேலை வாங்கவில்லை. "நீங்க உட்காருங்க" என்று என் மனைவி எத்தனையோ தடவை சொன்னாள். அவர்தான் கேட்கவில்லை. எங்கள் அப்பாயியைப் பற்றி எங்களைவிட உங்களுக்கு அதிகம் தெரியுமா?

மணத்தக்காளி:
இருபது நிமிஷம் கழித்தால் இரண்டரை. சரி, இரண்டரைக்குச் சாப்பிட்டாரா?

பொருநைக்கரை:
கடிகாரத்தை விடுங்கள். படத்தின் ஓரத்தில் ஒரு குக்கர் தெரிகிறதே, அதை யாரும் பார்க்கவில்லையா? தஞ்சாவூர்ப் பக்கம் பொங்கலைக் குக்கரிலேயே வைக்க ஆரம்பித்துவிட்டார்களா? எங்கள் திருநெல்வேலியில் விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டு, அடுப்புக்கட்டி வைத்து, பனை ஓலை எரித்துப் பொங்கல் விடுவோம். சூரியன் மேலே வருவதற்குள் பானை பொங்கிவிடும். எல்லாரும் எட்டு மணிக்குச் சாப்பிட்டு முடிப்போம். எங்கள் ஆச்சியும்தான். மூன்று மணி வரை இழுப்பது உங்கள் ஊர்ச் சோம்பல்.

வெண்ணாற்றுக்காரன்:
அண்ணே, குக்கரில் வெந்தது பருப்பு. பொங்கல் வெண்கலப் பானையில்தான் வைத்தோம். இஞ்சிக்கொத்து, மஞ்சள்கொத்து கட்டிய பானை படத்திலேயே இருக்கிறது. அரைகுறையாகப் பார்த்துவிட்டுப் பேச வேண்டாம்.

மணத்தக்காளி:
பொருநைக்கரை அண்ணாச்சி, சோம்பல் என்ற வார்த்தையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். நான் நீடாமங்கலத்துக்காரி. எங்கள் பக்கத்துப் பொங்கல் என்னவென்று தெரிந்து பேசுங்கள். மொச்சையை முதல் நாளே ஊறப்போட்டு, ஒவ்வொன்றாக விரலில் அழுத்தித் தோலைப் பிதுக்கி எடுக்க வேண்டும். உட்கார்ந்தால் எழ முடியாத வேலை. கருணைக்கிழங்கு நறுக்கினால் கை அரிக்கும். புளித்தண்ணீரில் கழுவிவிட்டு அடுத்த காய்க்குப் போக வேண்டும். பரங்கி, பூசணி, அவரை, வாழைக்காய், சர்க்கரைவள்ளி என்று எல்லாம் போட்டுத்தான் கூட்டுக்குழம்பு. வெண்கலப் பானையைப் புளி போட்டுத் தேய்த்து மின்ன வைக்கவே ஒரு பொழுது ஆகும். போகியன்று பரணை இறக்கித் துடைத்து ஏற்றியதும் அந்தக் கைதான். மார்கழி முழுக்க வாசலில் சாணிப்பிள்ளையார் பிடித்து, பரங்கிப்பூ வைத்ததும் அதே கைதான். இத்தனை வேலை நடந்த வீட்டில் அந்தக் கைக்குச் சொந்தக்காரர் எப்போது சாப்பிட்டார் என்று கேட்டால், ஒருவர் கடிகாரம் தப்பு என்கிறார், இன்னொருவர் குக்கர் என்கிறார்.

கணக்குப்பிள்ளை:
உணர்ச்சிவசப்படாமல் பேசுவோம். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு இருக்கிறது. 2019இல் சம்பளமில்லாத வீட்டுவேலைக்குப் பெண்கள் ஒரு நாளில் 299 நிமிஷம், ஆண்கள் 97 நிமிஷம் செலவழித்தார்கள். 2024இல் அது 289, 88. பெண்களுக்குப் பத்து நிமிஷம் குறைந்திருக்கிறது. நிலைமை மாறிக்கொண்டுதான் இருக்கிறது.

மணத்தக்காளி:
ஆண்களுக்கும் ஒன்பது நிமிஷம் குறைந்திருக்கிறதே, அதை ஏன் சொல்லவில்லை? அந்த 97 நிமிஷம்கூட வீட்டுவேலை செய்கிற ஆண்களின் சராசரிதான். 2019 கணக்குப்படி நூறில் 26 ஆண்கள்தான் ஏதாவது வீட்டுவேலை செய்ததாகச் சொன்னார்கள். பெண்களில் 81 பேர். அரைக்கணக்கோடு இங்கே வராதீர்கள். தீபாவளிக்கு அதிரசப் பேச்சிலும் நீங்கள் இதைத்தான் செய்தீர்கள்.

கணக்குப்பிள்ளை:
கடை அதிரசம் வாங்கினால் தப்பில்லை என்றுதான் தீபாவளிக்குச் சொன்னேன். அது இன்றும் சரிதான். அதை இங்கே இழுப்பது உங்கள் பழைய கோபம்.

மணத்தக்காளி:
கோபம்தான். கடையில் வாங்கினால் வீட்டு ருசி வராது என்று அன்றைக்கு முதலில் எழுதியது யார்? இதே வெண்ணாற்றுக்காரன். ருசி அவருக்கு வேண்டும், மாவு இடிப்பது அப்பாயி.

வெண்ணாற்றுக்காரன்:
மாவு மில்லில் அரைத்தது!

இரவுப்பணி:
நான் மதுரையில் செவிலியாக வேலை பார்க்கிறேன். பொங்கல் வாரத்தில் வயதானவர்கள் மயங்கி விழுந்து வருவதைப் பார்க்கிறவள் என்பதால் கேட்கிறேன். அண்ணா, உங்கள் அப்பாயிக்குச் சர்க்கரை இருக்கிறதா? க்ளிமிபிரைடு மாதிரியான மாத்திரை சாப்பாட்டோடு போட வேண்டியது. மாத்திரையைப் போட்டுவிட்டு, "எல்லாரும் சாப்பிடட்டும், அப்புறம் நான்" என்று நின்றால் ரத்தச் சர்க்கரை 70க்குக் கீழே போய்விடலாம். வியர்க்கும், கை நடுங்கும். சில வயதானவர்களுக்கு அதுவும் தெரியாது, பேச்சு மட்டும் தடுமாறும். வீட்டில் உள்ளவர்கள் அலுப்பு என்று நினைத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். இன்சுலின் போடுகிறவர்களுக்கு இன்னும் கவனம் வேண்டும்.

வெண்ணாற்றுக்காரன்:
தங்கச்சி, அக்கறைக்கு நன்றி. அப்பாயிக்குச் சர்க்கரை உண்டு. ஆனால் காலையில் இரண்டு இட்லி சாப்பிட்டுத்தான் மாத்திரை போட்டார்.

மணத்தக்காளி:
பொங்கலன்று சூரியனுக்குப் படைக்காமல் உங்கள் அப்பாயி இட்லி சாப்பிட்டாரா? அந்தத் தலைமுறையில் எந்த அப்பாயி பச்சைத்தண்ணீராவது குடித்திருக்கிறார்? நீங்கள் பார்த்தீர்களா, அல்லது யாரோ சொன்னதா?

வெண்ணாற்றுக்காரன்:
என் தம்பி மனைவி சொன்னாள்.

மணத்தக்காளி:
நீங்கள் பார்க்கவில்லை. போதும்.

பொருநைக்கரை:
நான் அந்தப் படத்தை மறுபடி பார்த்தேன். முற்றத்துத் தூணின் நிழல் தெரிகிறது. தை மாதத்தில் உச்சிப்பொழுதிலும் சூரியன் தெற்கே சாய்ந்துதான் நிற்கும், நிழல் வடக்கே விழும். மூன்று மணி என்றால் நிழல் வடகிழக்கே நீண்டு கிடக்க வேண்டும். இதில் நிழல் குட்டையாக இருக்கிறது. ஆக மணி ஒன்று, ஒன்றரைதான். மணத்தக்காளி சொல்வது தப்பு.

மணத்தக்காளி:
வீடு எந்தப் பக்கம் பார்த்தது என்று தெரியாமல் எந்த நிழல் வடக்கு, எது கிழக்கு? வெண்ணாற்றுக்காரனே இருபது நிமிஷம்தான் கூடுதல் என்கிறார். நீங்கள் ஒன்றரை மணி நேரத்தைக் கழித்துவிட்டீர்கள். அப்பாயியின் பசியைக் குறைக்க முடியவில்லை, மணியைக் குறைக்கிறீர்கள்.

நொய்யல் அமுச்சி:
கண்ணுகளா, நானும் ஒரு பாட்டிதான். ஈரோட்டுப் பக்கம். பேத்தி போனில் எழுதிப் போடக் கற்றுக்கொடுத்தாள். எல்லாரும் பாட்டியை வைத்துச் சண்டை போடுகிறீர்கள், ஒரு பாட்டியையும் கேட்கவில்லை. எனக்குப் பொங்கல் என்றால் உயிர். போகியன்று ஆவாரம்பூ, பூளைப்பூ, வேப்பிலை வைத்து வீட்டுக்கும் தோட்டத்துக்கும் காப்புக் கட்டியது நான்தான். வெள்ளிக்கிழமை மாட்டுக்கு வைக்கும் பட்டிப்பொங்கலுக்குத் தொழுவத்தில் சின்னதாகத் தெப்பக்குளம் கட்ட மண்ணைக் குழைத்ததும் நான்தான். பேரன் வந்து "ஆத்தா, விடு நான் செய்றேன்" என்றான். தொழுவத்தில் வழுக்கி விழுந்தான். என் அடுப்படிக்கு மருமகள் வந்தால் கடுகு ஒரு பக்கம், சீரகம் ஒரு பக்கம். எனக்கு அது பிடிக்காது. பாட்டியை நாற்காலியில் உட்கார வைத்துப் பொம்மை ஆக்கிவிடாதீர்கள்.

வெண்ணாற்றுக்காரன்:
இதைத்தான் நானும் சொன்னேன்! அமுச்சி வாயாலேயே வந்துவிட்டது. வேலை செய்வதுதான் அவர்களுக்குச் சந்தோஷம்.

நொய்யல் அமுச்சி:
தம்பி, அவசரப்படாதே. எனக்குப் பிடிக்கும் என்றேன். ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீங்கள் எல்லாம் பஸ் ஏறின பிறகு யாருக்கு என்ன பிடிக்கும் என்று கேட்டாயா? போர்வை பன்னிரண்டு, தலையணை உறை அத்தனையும் துவைக்கக் கிடக்கும். கழிவறை கழுவ வேண்டும். குழந்தைகள் கரும்புச் சக்கையைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டுப் போயிருக்கும், எறும்பு மொய்க்கும். செவ்வாய்க்கிழமை வரை எனக்கு இடுப்பு நிமிராது. அது எனக்குப் பிடிக்காது. அதை நீ எழுதவில்லை.

மணத்தக்காளி:
அமுச்சி, நீங்கள் சொன்னதில் பாதிக்கு நான் ஒத்துப்போக மாட்டேன். அடுப்படியை விட்டுக்கொடுக்காத பிடிவாதமும் சேர்ந்துதான் மருமகள்களைக் கூடத்திலேயே உட்கார வைக்கிறது. ஆனால் அந்தப் போர்வை விஷயம் நூற்றுக்கு நூறு. கிளம்பும்போது அரிசி, தேங்காய், வடகம், கரும்பு என்று கட்டிக்கொடுத்து கிளாம்பாக்கம் பஸ்ஸில் ஏற்றி அனுப்புகிறார்கள். எங்கள் தெருவில் ஒரு அப்பாயி, மாதம் 1,200 ரூபாய் முதியோர் உதவித்தொகையில் ஓட்டுகிறவர். பொங்கலுக்கு ஆறு பேரப்பிள்ளைகளுக்கும் ஆளுக்கு நூறு ரூபாய் வைத்துக் கொடுத்தார். பாதிப் பணம் போயிற்று. வாங்கிய பிள்ளைகளின் அப்பாக்களில் ஒருவர்கூட "உனக்கு இந்த மாசம் எப்படி?" என்று கேட்கவில்லை.

நொய்யல் அமுச்சி:
என் பிடிவாதத்தைப் பற்றி என் மருமகளே பேசுவதில்லை. நீ யார் பேச?

கணக்குப்பிள்ளை:
மகன்கள் சம்பாதிக்கும் வீட்டில் முதியோர் உதவித்தொகை எப்படி வருகிறது? ஆதரவற்றவர்களுக்கான பணம் அது.

மணத்தக்காளி:
மகன் இருந்தும் ஆதரவு இல்லாதவர்கள் ஊருக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். வந்து பாருங்கள். வீட்டில் உட்கார்ந்து கணக்குப் போடாதீர்கள்.

இரவுப்பணி:
மாத்திரை விஷயத்துக்கு யாரும் பதில் சொல்லவில்லை. இட்லி சாப்பிட்டாரா இல்லையா என்பதை அப்பாயியிடமே போன் பண்ணிக் கேட்டுவிடலாமே அண்ணா?

வெண்ணாற்றுக்காரன்:
எதற்குக் கேட்க வேண்டும்? எங்கள் குடும்ப விஷயத்துக்கு இங்கே வாக்குமூலம் கொடுக்க வேண்டுமா? கடிகாரம் இருபது நிமிஷம் கூடுதல். அப்பாயி பந்தி முடிந்த உடனே சாப்பிட்டார். மீதமானதைச் சாப்பிடவில்லை, அவருக்குத் தனியாக எடுத்து வைத்திருந்தோம்.

மணத்தக்காளி:
"தனியாக எடுத்து வைத்திருந்தோம்." யார் எடுத்து வைத்தது? அதையும் அப்பாயிதான் எடுத்து வைத்திருப்பார். பந்தி எப்போது முடிந்தது? இரண்டு பந்தி என்று உங்கள் பதிவிலேயே இருக்கிறது. படத்தில் இருப்பது முதல் பந்தி, ஏனென்றால் இலை எல்லாம் புது இடத்தில், தரை காய்ந்திருக்கிறது. இரண்டாம் பந்தி என்றால் துடைத்த ஈரம் தெரியும். ஆக இரண்டரைக்கு முதல் பந்தி. பெண்கள் பந்தி அதற்கு மேல். அப்பாயி அதற்கும் மேல். நான்கு மணிக்குக் குறையாது.

வெண்ணாற்றுக்காரன்:
தரை ஈரம் வரைக்கும் போய்விட்டீர்கள். உங்களோடு பேசுவதில் அர்த்தமில்லை. படத்தை எடுத்துவிட்டேன்.

மணத்தக்காளி:
எடுங்கள். நான் சேமித்து வைத்திருக்கிறேன்.

பொருநைக்கரை:
அடுத்தவர் வீட்டுப் படத்தைச் சேமித்து வைப்பது நல்ல பழக்கமா? அதைச் சொல்லுங்கள் முதலில். அப்புறம், எங்கள் ஊரில் இந்தப் பிரச்சினையே கிடையாது என்று மறுபடி சொல்கிறேன். தங்கைக்குப் பொங்கல்படி கொண்டுபோய்க் கொடுப்பது ஆண்பிள்ளை. அடுப்புக்கட்டிக்கு வெள்ளையடித்துக் காவி போடுவதும் நான். பனங்கிழங்கு அவித்து உரித்து ஆச்சி கையில் கொடுப்பதும் நான்.

மணத்தக்காளி:
பனங்கிழங்கு உரித்துக் கொடுத்ததற்கு மாலை போட வேண்டுமா? பச்சரிசி களைந்தது யார்? காய் நறுக்கியது யார்? பானையை இறக்கியது யார்?

பொருநைக்கரை:
பானையை இறக்கியது என் அம்மா. ஆச்சி உட்கார்ந்துதான் இருந்தார். அடுத்த வருஷம் படம் போடுகிறேன், கடிகாரத்தோடு.

மணத்தக்காளி:
படம் வேண்டாம் அண்ணாச்சி. ஆச்சியையே இங்கே பேசச் சொல்லுங்கள். அமுச்சி வந்தாரே, அது மாதிரி.

பொருநைக்கரை:
எங்கள் ஆச்சி முன்பின் தெரியாதவர்களோடு பேச மாட்டார். அவருக்காகப் பேச நான் இருக்கிறேன்.