திருகோணமலை உவர்மலை வீடு: குடும்பக் குழு

கண்ணன்: எல்லோருக்கும் வணக்கம். அம்மாவுக்கு வருகிற செவ்வாய் கண் ஒப்பரேசன். சனி இரவு ரயிலில் கூட்டிக்கொண்டு வருகிறேன். ஒரு மாதமாவது கொழும்பில், வெள்ளவத்தையில் எங்களோடுதான் இருப்பா.

தவம்: நல்லது மருமகன்

சுதா: கோணேசருக்கு ஒரு அர்ச்சனை வைக்கிறோம் 🙏

யோகம்: ஒப்பரேசன் கிடக்கட்டும். ஓர்க்கிட் பூக்கண்டுகளை யார் பார்ப்பது?

வசந்தி: நினைத்தேன்

நிரோஷ்: 😂😂

யோகம்: சிரிக்காதே நிரோஷ். வறண்ட கச்சான் காற்று அடிக்கிற அடியில் ஒரு வாரம் விட்டாலே சுருண்டுவிடும். எல்லோரும் கவனமாக வாசியுங்கள். மாமரத்தில் கட்டியிருக்கிற வண்டா ஓர்க்கிட்டுகளுக்குக் காலையில் மட்டும் தண்ணீர், வேர் முழுக்க நனைய வேண்டும். வேர் வெள்ளையாக இருந்தால் தாகம். பச்சையாக மாறினால் போதும், நிறுத்திவிடலாம். வலைக்குக் கீழே சட்டியில் இருக்கிற டென்ட்ரோபியம் ஓர்க்கிட்டுகளுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள். அவை சிரட்டைக்கரியிலும் ஓட்டுத் துண்டிலும் நிற்கின்றன. இரக்கப்பட்டு யாரும் மண் போடக் கூடாது. யாரைச் சொல்கிறேன் என்று அவருக்கே தெரியும்.

சுதா: அது 2019 மச்சாள்

சுதா: இன்னும் விடவில்லையா

தவம்: 🤐

யோகம்: குருத்துக்குள் தண்ணீர் தேங்கினால் அழுகிவிடும். வேலியோரம் பென்சில் மாதிரி இலை உள்ள கண்டைத் தொடவே வேண்டாம், அது முழு வெயிலில் நிற்கிற சாதி. சிங்கப்பூர்க்காரர் 1981இல் தேசியப் பூ ஆக்கியதும் அந்த இனம்தான். படியடியில் இருக்கிற ஊதாப் பூ மட்டும் மண்ணில் வளர்வது.

நிரோஷ்: மாமி, மண் போடக் கூடாது என்றீர்கள்

யோகம்: அது சட்டிக்கு. இது தரை ஓர்க்கிட்.

நிரோஷ்: சரி சரி

ரமணன்: இங்கே கடையில் விற்கிற ஓர்க்கிட்டுக்கு வாரத்துக்கு 3 ஐஸ் கட்டி வைத்தால் போதும் என்று சீட்டே ஒட்டியிருக்கிறார்கள் அக்கா

யோகம்: ஐஸா??

யோகம்: வெப்பநாட்டுக் கண்டுக்கு ஐஸா வைப்பாய்?

கண்ணன்: மாமா அங்கே இப்போது விடியப்புறம் 3 மணிதானே, நித்திரை இல்லையா

ரமணன்: வேலை முடிந்து இப்போதுதான் வந்தேன். டிசம்பரில் வரும்போது எங்கள் அம்மாவின் வண்டாவில் ஒரு கிளை வெட்டித் தாருங்கள், கொண்டுபோகப் போகிறேன்.

கண்ணன்: ஓர்க்கிட் இனங்கள் முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வர்த்தகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் ஒப்பந்தத்தில் இருக்கின்றன மாமா. அனுமதிப் பத்திரம் இல்லாமல் கொண்டுபோனால் விமான நிலையத்தில் பறித்துவிடுவார்கள்.

வசந்தி: அம்மாவின் வண்டாவில் ஆளாளுக்கு வெட்ட அது கறிவேப்பிலையா? அதை எனக்குத் தருவதாக அம்மா சொன்னா.

யோகம்: தந்தா. நீ நிலாவெளியில் கடற்காற்று நேரே அடிக்கிற சுவரில் மாட்டினாய். 4 மாதத்தில் இலையெல்லாம் கருகி, நான்தான் போய்த் தூக்கி வந்தேன்.

வசந்தி: தூக்கி வரும்போது என்னிடம் கேட்டீர்களா அக்கா

தவம்: இப்போது இது வேண்டாமே

வசந்தி: நான் ஒன்றும் சொல்லவில்லை

யோகம்: அது 78 சூறாவளிக்குப் பிறகு வாழைச்சேனைப் பக்கம் விழுந்து கிடந்த மரத்தில் இருந்து அப்பா எடுத்து வந்தது. நம் நாட்டு வண்டா, இந்த வறண்ட காட்டுக்கே உரியது. எத்தனை வருடம் எதையெல்லாம் பார்த்தது. அதற்கு நாம் ஒன்றும் செய்யத் தேவையில்லை, செய்தால்தான் சாகும்.

நிரோஷ்: அப்போது ஏன் இவ்வளவு நீளமாக எழுதினீர்கள் மாமி

சுதா: 😄

தவம்: மான் ஏறி வந்து தின்னாதா? படலை சரியாகப் பூட்டுவதில்லை.

நிரோஷ்: நேற்று பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் 6 நின்றது. ஒன்று ஒரு அம்மாவின் பையில் இருந்து வாழைப்பழத்தை எடுத்துத் தின்றது, தோலோடு

ரமணன்: வீடியோ?

நிரோஷ்: எடுக்கவில்லை சித்தப்பா

சுதா: பழம் விற்கிற விலைக்கு அந்த மனுசி அழுதிருக்கும்

யோகம்: விசயத்துக்கு வாருங்கள். கிணற்றுத் தண்ணீர் மட்டும் ஊற்றக் கூடாது. அது உவர்த் தண்ணீர். சட்டி விளிம்பில் வெள்ளையாகப் படிவது உப்புத்தான், வேரைத் தின்றுவிடும். நீலப் பீப்பாவில் மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருக்கிறேன். அது முடிந்தால் குழாய்த் தண்ணீர்.

கண்ணன்: அம்மா, யார் என்று முதலில் முடிவெடுப்போம்

நிரோஷ்: நான் திங்கள் வியாழன் போகலாம். பெட்ரோல் காசு யார் தருவது

தவம்: டேய்

யோகம்: ஒருநாள் விட்டு ஒருநாள் என்றேன். திங்கள் வியாழன் எப்படிக் கணக்கு?

வசந்தி: மற்ற நாளில் நான் வருகிறேன். எப்படியும் சந்தைக்கு வரத்தானே வேண்டும்.

யோகம்: வா. வந்து பார்.

யோகம்: வெட்டக் கூடாது

வசந்தி: 🙄

சுதா: பாலையூற்றில் இருந்து நானும் போகலாம், கிட்டத்தானே. ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

தவம்: கேட்கிறோம் இப்போது

சுதா: பார்ப்போம்

யோகம்: சுதா, நீ வந்தால் படியடியில் உள்ளதைப் பார். மண்ணில் நிற்கிறதை.

சுதா: 🙂

கண்ணன்: சரி, சனிக்கிழமைக்குள் சொல்லுங்கள். சாவி பக்கத்து வீட்டு ரீச்சரிடம் கொடுக்கிறேன்.

யோகம்: ரீச்சரிடம் வேண்டாம்

கண்ணன்: ஏன்?

யோகம்: போனில் சொல்கிறேன்